என் மகளின் விரதத்தைப் பெருமாள் முடித்து வைத்தார்

ஏழுமலையானை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

போன புரட்டாசியில் என் மகள் தேவிகா சனிக்கிழமையோடு நிற்காமல் வாரம் நான்கு நாள் விரதம் இருந்தாள். பத்தாம் வகுப்பு. மார்க்குக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, நகரியில் எங்கள் தெரு முழுக்கப் பெருமையடித்தேன். புத்தி கெட்டவள் நான்.

மூன்றாம் சனிக்கிழமை அவள் வயிறு பானைபோல் உப்பிவிட்டது. பச்சையாக வாந்தி. இரண்டு நாளாக வெளிக்கும் போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தேன். வலி கூடித் துடித்தாள். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குடல் அடைத்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். உள்ளே போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விரதம் இல்லம்மா. துன்னா வலிக்குது. ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் வேற போய்க்கினு இருந்துது. சொல்ல வெக்கமா இருந்துது."

அடைத்திருந்தது புற்றுநோய்க் கட்டி என்றும், வயிற்றுக்குள் பரவியிருக்கிறது என்றும் பிறகு டாக்டரம்மா சொன்னார். பதினைந்து வயதில் வருமா என்று கேட்டேன். அபூர்வம், ஆனால் வரும் என்றார். என் கணவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பெருமாள்மேல் கோபம்தான் வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அதுவரை வாயில் ஒன்றும் தரக்கூடாது. மூன்று நாள் பிரியவில்லை. வார்டு ஜன்னலில் மலை தெரிந்தது. நோயைத் தீர்த்துவிடு என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"பொய்யோ மெய்யோ, உன் பேரைச் சொல்லி பட்டினி கெடந்தா. நீயே முடிச்சு வை சாமி."

நான்காம் நாள் காலை, வார்டுக்கே கேட்கும்படி காற்று பிரிந்தது. அவள் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். நான் மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

நோய் போகவில்லை. மருந்து ஏற்றுகிறார்கள். எத்தனை நாள் என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பல நாள் எனக்கு நம்பிக்கையே இருப்பதில்லை. ஆனால் தினமும் காலையில், வெளிக்குப் போனாயா, ரத்தம் வந்ததா என்று கேட்கிறேன். அவளும் மறைக்காமல் சொல்கிறாள்.

நீங்களும் கேளுங்கள். பெருமாளிடம் சின்னதாகவாவது கேளுங்கள். பிள்ளைகளிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்று சனிக்கிழமை. எனக்கு விரதம். தேவிகா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.