மைக்கில் வந்த சிரிப்பு

மாலை ஐந்து பத்து. இலத்தூர் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது, மண்ணில் அசையாமல் நீண்டிருந்த இரண்டு கால்களை. சில வருடங்களுக்கு முன், குற்றால சீசன் நேரம். கபடி அரையிறுதி. கடையம் அணியிலிருந்து பாடிப் போன வீரனை சுரண்டை அணியினர் நான்கு பேர் அமுக்கியிருந்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள், அவன் எழவில்லை.

கபடி, வாலிபால், கிரிக்கெட், மாட்டுவண்டிப் பந்தயம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் வர்ணனைக்குப் போகிறவன் நான். மைக்கில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் எங்களுக்குப் பொறுக்காது. கடையம் ஒரு புள்ளி முன்னிலை. இன்னும் இரண்டு நிமிடம். விழுந்தவன் நேரம் கடத்துகிறான் என்று நினைத்தேன்.

"எந்திரிலே மக்கா, நடிச்சது போதும். படுக்கணும்னா அருவிக்கரையில போய்ப் படு!"

கூட்டம் சிரித்தது.

குனிந்து பார்த்த நடுவர் என்னை நோக்கி வேகமாகக் கைகளை ஆட்டினார். கழுத்தில் அடி. கை, காலில் உணர்வில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தலை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் சாலையில் நின்றது. நடுவில் கூட்டம்.

"வழி விடுங்க" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, இப்ப நீங்க நடிக்கியளா?" என்றது முன்வரிசையில் ஒரு குரல். மறுபடி சிரிப்பு. மூன்று முறை கெஞ்சியும் யாரும் நகரவில்லை. என் பேச்சை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள அவர்களைப் பழக்கியதே நான்தான்.

அப்போது, விழுந்தவனை அமுக்கிய சுரண்டை வீரர்களில் ஒருவன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினான்.

"ஏலே, நாந்தாம்லே புடிச்சேன். என் கைக்குள்ளதான் அவன் கழுத்து மடங்கிட்டு. சாகக் கெடக்கான்லே, வெலகுங்க!"

சிரிப்பு நின்றது. சுரண்டைக்காரர்களே முதலில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து, நாற்காலிகளைத் தலைக்கு மேல் தூக்கி வழி செய்தார்கள். வண்டி உள்ளே வர நான்கு நிமிடம் ஆனது.

தென்காசியில் முதலுதவி, பிறகு திருநெல்வேலி. மறுநாள் மதியம் கால் விரல் அசைந்ததாகத் தகவல் வந்தது. ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொன்னது கேட்டுது அண்ணாச்சி. எல்லாரும் சிரிச்சதும் கேட்டுது. எந்திரிக்கணும்னுதான் பாத்தேன்" என்றான்.

இப்போது யார் விழுந்தாலும், நடுவர் சைகை காட்டும்வரை மைக்கை அணைத்துவிடுகிறேன். அவன் நடக்கிறான். கபடி ஆடுவதில்லை.