ஆடாதே அக்கா போட்ட சத்தங்கள்

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அவளை ஆஸ்பத்திரி முழுக்க ‘ஆடாதே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுப்பவர்களிடம் நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். வேடிக்கை என்னவென்றால், அவளுக்கே ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பாடுகூட நின்றுகொண்டேதான். “ஊரையெல்லாம் ஆடாதேங்கற, நீ ரெண்டு நிமிஷம் உட்காரேன்” என்று வீட்டில் கணவர் கிண்டல் செய்வார்.

அன்று வந்த சிறுமி ஊஞ்சலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவள். தையல் பிரித்து மாதக்கணக்கில் ஆகியும் தலைவலி விட்டபாடில்லை. குளியலறைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டாள். கதவு படீரென்று சாத்தினால் அழுகைதான். மூளையைப் படம் எடுக்க டாக்டர் சொல்லியிருந்தார். இதற்கு முன் இரண்டு முறை வந்து, குழாயைப் பார்த்த மாத்திரத்தில் ஓடிவிட்டாள். இன்றும் முடியாவிட்டால் மயக்க ஊசி. விழுந்த அன்று நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கண் விழித்தவளுக்கு, மயக்கம் என்ற பேச்சே ஆகாது.

“ஊசி இல்லாமலே எடுத்துடலாம்” என்றாள் அக்கா. சொன்னால் சொன்னதுதான், அவள் பிடித்த பிடியை விடமாட்டாள்.

அவளிடம் ஒரு வித்தை உண்டு. அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு சத்தத்தையும் வாயாலேயே போடுவாள். காத்திருப்போர் அத்தனை பேரும் பார்க்க, “முதல்ல டக் டக் டக். அப்புறம் ட்ர்ர்ர்” என்று வரிசையாகப் போட்டுக் காட்டினாள். சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அவள் காலைப் பிடித்துக்கொள்ள, உள்ளே போய்ப் படுத்தாள்.

பாதிவரை எல்லாம் சொன்னபடியே வந்தது. திடீரென்று புதிதாக ஓர் இரைச்சல். பழைய ரத்தக்கசிவு ஏதும் உண்டா என்று பார்க்க டாக்டர் கூடுதலாகக் கேட்டிருந்த படம் அது. இயந்திரத்தில் சேர்த்த அக்கா, வாயில் சேர்க்க மறந்திருந்தாள். பயமாக இருந்தால் அமுக்கி அழைக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தைச் சிறுமி விடாமல் அமுக்கினாள்.

வெளியே இழுத்தபோது முகமெல்லாம் கண்ணீர். “நீங்க சொல்லாத சத்தம் வந்துச்சு.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “மறந்துட்டேன் கண்ணு. தப்பு என்மேலதான்.”

“போதும்மா. ஊசியே போட்டுடலாம்” என்றார் அப்பா.

சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேணாம். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அக்கா மைக்ல போடட்டும். நான் படுக்கறேன்.”

அக்கா போட்டாள். உள்ளே வந்த டாக்டர், அவள் மைக்கில் உறுமுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். சிறுமி அசையவில்லை. அக்காவும் நாற்காலியை விட்டு அசையவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

படங்கள் சுத்தமாக இருந்தன. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “மூளையில ஒண்ணுமில்லையாம். இனிமே இந்தப் பயமெல்லாம் வேணாம், சரியா?”

சிறுமியின் முகம் சுருங்கியது.

“அடி ஆறிடுச்சு, பயம் இன்னும் ஆறல” என்றார் டாக்டர். “அதைப் பார்க்க வேற டாக்டர் இருக்காங்க.”

“படத்துல ஒண்ணும் தெரியலையே?”

“இதுல பயம் தெரியாதுங்க” என்றாள் அக்கா. “இந்தக் குழாய்க்குள்ள பயப்படாம போனவங்களே கிடையாது. ஒருத்தர் படத்துலயும் நான் அதைப் பார்த்ததில்ல.”

அப்பா மகளிடம் குனிந்தார். “போய்ப் பார்ப்போமா?”

சிறுமி அக்காவைப் பார்த்தாள். “அங்க என்ன சத்தம் வரும்?”

“அது எனக்குத் தெரியாது” என்றாள் அக்கா. “நீ போயிட்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டு.”