பாசிமணி போட்ட பாட்டில்

அந்தப் பாட்டிலை நான் அழுது வாங்கினேன். மூணாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி. வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கணும், முழுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. காபி கலர், கட்டைவிரல் உயரம். எங்கள் வீட்டில் அவ்வளவு அழகாக வேறு எதுவும் இல்லை.

மாத்திரை வைத்தால் அப்பாவுக்கு நாக்கு எரியும். முகத்தைக் கோணுவார்.

"எரியுதாப்பா?"

"எரியுது கண்ணு."

கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலையைப் பார்ப்பார். எங்கள் ரெண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு.

பிள்ளைப்பாக்கத்தில் இருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார். வெல்டிங் லைன், கான்ட்ராக்ட். ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி பாட்டிலைப் பார்த்துவிட்டார். லைனுக்குள் கண்ணாடி கூடாது, மெடிக்கல் ரூமில் சொல்லி எழுதி வாங்கிவா என்றார். அப்பா போகவில்லை. நெஞ்சு வலி என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் ஆளை நிறுத்திவிடுவார்கள். இப்ப நானும் அப்படி ஒரு கேட்டில்தான் தினம் பையைத் திறந்து காட்டுகிறேன். அவர் செய்தது எனக்குப் புரியும்.

நட்டு போல்ட்டு வருகிற சின்ன ஜிப் கவர் ஒன்றை எடுத்துவந்தார்.

"அஞ்சாறு போட்டுக்கினு போ. மீதி பாட்டில்லயே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. என் பாசிமணியைப் போட்டு வைக்க அந்தப் பாட்டில் வேணும். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா எல்லா மாத்திரையையும் கவரில் கொட்டினார்.

"இந்தா வெச்சிக்க. மாத்திரை இன்னா மகாராஜாவா, தனி வூடு கேக்குறதுக்கு?"

"அவ கேட்டா கிட்னியக்கூட குடுப்ப நீ" என்றாள் அம்மா.

பாட்டிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒட்டியிருந்த பேப்பரைச் சுரண்டி எடுத்தேன். அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். நான் படித்துப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் படித்ததில்லை.

கவர் அப்பா பேன்ட் பாக்கெட்டிலேயே கிடந்தது. வெல்டிங் சூடு, வேர்வை. வீட்டுக்கு வந்தால் பேன்ட்டோடு ஆணியில் தொங்கும், ஷீட்டு கூரைக்குக் கீழே. அந்த வெயில் காலம் முழுக்க அப்படியே போனது. அதுவரை வலி வரவில்லை. நல்லாகிவிட்டது என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தண்ணீர் கேனைத் தூக்கிவந்து வாசலில் வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாத்திரை கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"எரியுதாப்பா?"

நாக்கைப் புரட்டிப் பார்த்தார். முகம் கோணவில்லை.

"இன்னைக்கு எரியல கண்ணு."

எனக்கு ஒரே சந்தோஷம். தெருக்குழாய்க்கு ஓடினேன். "அம்மா, அப்பாவுக்கு இன்னைக்கு எரியலயாம்."

"நல்லதாப் போச்சு. வந்து கொடத்தப் புடி."

நாங்கள் வரும்போது அவர் ரெண்டாவது மாத்திரையும் வைத்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மா மூணாவதை வைத்தாள். சித்தப்பா ஆட்டோ பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். அம்மா தரையில் உட்கார்ந்தாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நர்ஸ் ஒருத்தி அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். மாத்திரை பாதி பொடியாகி இருந்தது.

"ஏம்மா இத கவர்ல போட்டீங்க? சூடு பட்டா, காத்து பட்டா மருந்து வீரியம் போயிடும். அது வந்த பாட்டில்லயேதான் இருக்கணும். ஒவ்வொரு வாட்டியும் இறுக்கி மூடணும். பாட்டில் எங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"என்கிட்ட பத்திரமா கீது சிஸ்டர். ஒரு மணிகூட வெளிய வராது. இறுக்கி மூடி வெச்சிருக்கேன்."