களியக்காவிளையில் இரண்டு பாஸ்

எங்கள் வீட்டில் செய்தி என்றால் மலையாளச் செய்திதான். மார்த்தாண்டத்துக்காரர்கள் தலைவலி, காய்ச்சல் நீங்கலாக எல்லா நோய்க்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவோம். அம்மாவின் புற்றுநோய்க்கும் அங்கேதான் வைத்தியம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், நாள் தவறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கொரோனா வந்து ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். சிகிச்சைக்கு வருபவர்களைத் தடுக்கமாட்டோம், ஆஸ்பத்திரிச் சீட்டு போதும் என்று செய்தியில் சொன்னார்கள். அதை நம்பி அம்மாவைக் காரில் ஏற்றினேன். சொன்னது கேரளம், நாங்கள் இருப்பது தமிழ்நாடு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் படித்தவன்.

களியக்காவிளை எல்லையில் நம் போலீஸ்காரர் மறித்தார்.

"நம்ம பாஸ் வேணும் சார். அவங்க டிவியில சொன்னத வச்சு நான் எப்படி விட முடியும்?"

திரும்பி வந்து விண்ணப்பித்தேன். முதல் முறை காரணம் போதாது என்றார்கள். இரண்டாம் முறை காரணமே சொல்லாமல் தள்ளினார்கள். மூன்றாவதில் கிடைத்தது. தலைகால் புரியாமல் கிளம்பிப் போனால், இந்தப் பக்கம் விட்டார்கள், அந்தப் பக்கம் மறித்தார்கள். இடையில் அவர்கள் விதி மாறிவிட்டதாம், இனி அவர்கள் பாஸும் வேண்டுமாம். அது வந்து சேர்ந்தபோது நம் பாஸின் தேதி முடிந்திருந்தது.

இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு நோயை வேறு எப்படித்தான் மறிப்பது என்று தோன்றும். அம்மாவை மறித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றும். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு போலீஸ்காரர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"விடு மக்கா, அவியளுக்கும் பயம் இருக்காதா?" என்றாள் அம்மா.

இரண்டு பாஸும் ஒருசேரக் கையில் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்தொன்பது நாள் தவறியிருந்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். சுருங்கியிருந்த கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். செய்தியைச் சொல்வதா, பாஸைச் சொல்வதா, என் மடத்தனத்தைச் சொல்வதா?

அம்மா முந்திக்கொண்டாள். "எனக்குத்தான் டாக்டரே, வர மடியா, சோம்பலா இருந்துது. இவன் அன்னைக்கே கூப்பிட்டான்."

டாக்டர் அவளைத் திட்டத் தொடங்கினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் இரண்டு பாஸையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.