ஆள் குறைந்த துறை

விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் அம்மா இயற்பியல் துறைத் தலைவர். நான் பிளஸ் டூ முடித்த வருடம் அந்தத் துறைக்கு ஆளே வரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நிரம்பி, இன்னொரு பிரிவு கேட்டு எழுதியிருந்தார்கள். பி.காம் அறை வாசலில் வரிசை நின்றது. அம்மாவின் மேசைக்கு வந்தவர்கள் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மே வெயிலில் அம்மாவை நல்லூர், கருவேப்பிலங்குறிச்சி என்று வீடு வீடாக ஆள் பிடிக்க அனுப்பினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்களாம்: "பிசிக்ஸ் படிச்ச நீங்களே வெயில்ல அலையிறீங்க. எம் பொண்ணும் அலையணுங்களா?"

அடுத்த வாரம் கூட்டத்தில் முதல்வர் எந்தத் துறையில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று திரையில் கோடுகளாகக் காட்டினார். இயற்பியல் வந்ததும் நிறுத்தி, "மேடம், இது கோடா, புள்ளியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தானும் சிரித்ததாக அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அலைஞ்சு சேத்தும் இன்னும் ஒரு ஆளு கொறையுது. நீ வந்தா கிளாஸ் நடக்கும்."

எனக்கு அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருந்தது. அதற்காக ஒரு வருடம் படித்திருந்தேன்.

"நான் உனக்கு ஆள் கணக்காம்மா?"

"ஆமா" என்றாள். கத்தி நிற்கவில்லை.

சேர்ந்தேன். வகுப்பில் என்னை 'இலவச இணைப்பு' என்று கூப்பிட்டார்கள். அம்மா காதில் விழும், திரும்ப மாட்டாள். மற்றவர்கள் தப்பாகச் சொன்னால் விட்டுவிடுவாள், நான் சொன்னால் நிற்க வைப்பாள். வருடக் கடைசியில் பாதிப் பேர் வேறு கல்லூரிக்குப் போனார்கள். துறையை மூடினார்கள்.

முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல எடம் இல்ல. பி.காம்ல ஒண்ணு இருக்குது. மறுபடி ஃபர்ஸ்ட் இயர்லேந்து படிக்கணும். மேடம், நீங்க அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்துக்கோங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு வேலை போகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சேந்துக்க" என்றாள்.

இப்போது செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். போன ஜூனில் அம்மா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க அட்மிஷன் ஆபீசுக்குப் போனேன். வேப்பூரிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு பிசிக்ஸ்தான் மேடம் புடிக்கும்."

"அது இங்க இல்லம்மா. கம்ப்யூட்டர்ல சேந்துக்க. எம் பொண்ணும் அதான் படிச்சா. நல்லா இருக்கா" என்றாள் அம்மா.

அந்த அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். நான் டப்பாவோடு கதவருகே நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் பேனாவை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினாள்.