நான் நடத்தாத கப்பல் பாடம்

நான் பொய் சொன்னேன். ஐரோப்பியர் கடல் கடந்து வணிகம் செய்ய வந்த பாடம் பரீட்சையில் வராது என்று பத்தாம் வகுப்பிடம் சொன்னேன். வராது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது! எனக்கு ஆப்பிரிக்கா வரைய வராது... அவ்வளவுதான் காரணம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியொன்றில் வரலாற்று வாத்தியார் நான். போர்ச்சுக்கீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்த கடல்வழியை வரைந்தால், ஆப்பிரிக்கா கத்தரிக்காயாகத் தொங்கும். டச்சுக்காரர் எந்தத் துறைமுகம், டேனிஷ்காரர் எந்தத் துறைமுகம் என்று குழம்பி, சாக்பீஸ் பிடித்த கை வேர்க்கும். கரையில் நிற்கும்போதே மயங்கி விழும் மாலுமி நான்!

ஆகவே அந்தப் பாடத்தின்மேல் பெருக்கல் குறி போடச் சொன்னேன்.

வன்னியம்பட்டியிலிருந்து வரும் செல்வி மட்டும் எழுந்தாள். "சார், வெள்ளக்காரன் எதுக்கு சார் அம்புட்டுத் தூரம் வந்தான்?"

"ஏட்டி, ஒன்னயப் பொண்ணு கேட்டு வந்தான்!"

வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அவள் கேள்வியே கேட்கவில்லை.

பரீட்சையில் பெரிய கேள்வி அந்தப் பாடம். வரைபடமும் அதே கடல்வழி! மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டுமென்று நோட்ஸ் வாங்கிப் படித்திருந்தார்கள். என்னை மட்டுமே நம்பியவள் வரலாற்றில் தோற்றாள்.

அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். "அவளுக்கு வரலாறு ஏறல போல. திரும்ப எழுதச் சொல்லவா, பஞ்சு மில்லுக்கு அனுப்பிரவா? நீங்க சொல்லுங்க சார்."

பக்கத்து அறையில் தலைமையாசிரியர். உண்மையைச் சொன்னால்...? "மில்லும் நல்ல வேலைதானய்யா" என்றேன். நானா சொன்னேன்? நான்தான்!

ஏழெட்டு வருடம் கழித்து, ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். கூட்டம். ஷிப்டு முடிந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். "உக்காருங்க சார்." செல்வி! தலைமுடியெல்லாம் பஞ்சு.

"நாந்தான் சார் ஒழுங்காப் படிக்கல. நீங்க நல்லாத்தான் நடத்துனிய."

அவள் அன்று கேட்டதற்குப் பதில் பாடத்தின் முதல் பத்தியிலேயே இருந்தது. மிளகுக்காக வந்தார்கள்... நம் பருத்தித் துணிக்காக வந்தார்கள். அதையாவது சொல்லலாமென்று வாயெடுத்தேன். வந்தது இதுதான்:

"என்ன செல்வி, அதுக்குள்ள தலை நரைச்சிட்டு?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பஞ்சைத் தட்டிவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவள் நின்றுகொண்டே வந்தாள். அவள் எழுந்து கொடுத்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்... இன்னும் எழுந்தபாடில்லை.