தாத்தாவின் டிக்கெட்

என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்புப் படிக்கிற ஒருத்திக்குத் தலை கனத்துப்போக வேறென்ன வேண்டும்?

அம்மாவின் அப்பாவான தாத்தா எங்களோடுதான் இருந்தார். டேனரியில் முப்பது வருடம் தோலைத் தரம் பிரித்தவர். விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எது முதல் தரம், எது கழிசடை என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படியே தடவிப் பார்த்து ஒதுக்கிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நீல நிற ஏர்மெயில் தாளில் ஒரு வரிகூட வெற்றிடமாக விடக் கூடாது. சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டால் மிச்ச இடத்தை ஆசீர்வாதத்தால் நிரப்ப வேண்டும். "கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக" என்று அவர் ஆரம்பித்தால், தாள் முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த நீலத் தாள்கள் எல்லாம் சித்திக்குப் போனவை. சித்தி வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்துக் கனடாவுக்குப் போனவள். கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர், அங்கே ஓர் ஆஸ்பத்திரி. போய் மூன்றாவது வருடம், அந்த ஊர் வெள்ளைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எழுதினாள். நான்தான் அதைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் நான் தாளும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தபோது, "அவளுக்கு எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. எடுத்து வை" என்றார். அதோடு சரி. வீட்டில் அவள் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டு வருடம் அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் சித்திக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பத்து வயதானபோது, பங்குனி வெயிலில் தாத்தா கிணற்றடியில் விழுந்தார். ஆறு நாள் படுக்கையில் கிடந்து போய்விட்டார். கடைசி இரண்டு நாள் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மருந்துக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்க, வீட்டில் அவர் கட்டில் பக்கத்தில் அம்மாவும் நானும்தான் இருந்தோம்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் சித்தியின் கடிதம் வந்தது. சாவுக்கு முன்பே போட்டது. அவளுக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே ஒன்று வயிற்றிலேயே போயிருந்தது. இந்த முறை டாக்டர் எழுந்து நடக்கவே கூடாதென்று படுக்கையில் போட்டிருந்தார். 'அப்பா ஒரு வரி எழுதினால் போதும் அக்கா. என் பயமெல்லாம் போய்விடும்' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். உள்ளூரிலேயே சொல்லாதபோது கடல் தாண்டி இருப்பவளுக்கு எப்படிச் சொல்வது? "இப்ப சொன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. பொறக்கட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார் அப்பா. அம்மா நெடுநேரம் அழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "தாத்தா எழுதறாப்புல எழுது. 'நான் சுகம். நீ கவலைப்படாதே.' அவ்ளோதான்."

எழுதினேன். இரண்டே வரி. மிச்சத் தாள் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. தாத்தா பார்த்தால் கோபித்துக்கொள்வார் என்று தோன்றியது. அவர் சட்டப்படியே நிரப்பினேன். 'நடந்ததை நான் மனதில் வைக்கவில்லை. உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.' அம்மா வாசித்துப் பார்க்காமலே ஒட்டிவிட்டாள். அவள் கண் அன்றைக்கு எதையும் வாசிக்கிற நிலையில் இல்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பிறந்ததும் சொல்லிவிடலாம் என்ற பேச்சு, பால் கொடுப்பவளுக்கு எப்படிச் சொல்வது என்று மாறியது. பிறகு, கடிதத்தில் வேண்டாம், நேரில்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. நான் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதே மாதத்தில் கோயிலுக்கு இன்னொன்றும் எழுதுவேன். தாத்தா நினைவாகக் காணிக்கை உறை. 'காலஞ்சென்ற' என்று ஆரம்பித்து அவர் பேரை முழுசாக எழுத வேண்டும். ஒரு மனிதர் ஒரே பேனாவில் உயிரோடும் இல்லாமலும் இருந்தார். எனக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

சித்தி தன் அப்பாவுக்கும் அக்காவுக்குமாக இரண்டு டிக்கெட் எடுக்கப்போவதாக எழுதினாள். தாத்தாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, பதிலுக்கு என்னை அனுப்புவதாக அம்மா எழுதினாள். தாத்தாவின் டிக்கெட்டில் நான் விமானம் ஏறினேன். பெட்டியின் அடியில் அவருடைய பைபிளைத் துண்டில் சுற்றி அம்மா வைத்திருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. "நான் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது என் கையெழுத்தை. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அந்த நீலத் தாள் தொங்கியது. கனடாவில் என் எழுத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்! அம்மா அதை ஒருமுறை முழுசாக வாசித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் அவள் முகம் அப்படி வெளுத்தது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. தினமும் பெட்டியைத் திறப்பாள், துண்டைத் தொட்டுப் பார்ப்பாள், மூடுவாள்.

ஐந்தாம் நாள் சித்தப்பா எங்களைத் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். கரையோரத்தில் பழைய மீன் கிடங்கு ஒன்றைக் காட்சிசாலையாக்கி இருந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஜனங்களின் கப்பல் பயணத்தைப் பற்றியது. சித்தப்பாவின் முன்னோர் அப்படி வந்தவர்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆங்கிலத்தில் சொல்ல, சித்தி எங்களுக்குச் சொன்னாள். தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் போல அவளுக்கு அவ்வளவு உற்சாகம்.

உள்ளே கப்பலின் அடித்தட்டைப் போலவே கட்டி வைத்திருந்தார்கள். குனிந்துதான் போக முடிந்தது. இரண்டு பக்கமும் மரப்பலகை அடுக்குகள், ஒரு பலகைக்கு நான்கு பேராம். தாரும் உப்பும் கலந்த வாடை. ஆம்பூரில் பச்சைத் தோல் லாரியிலிருந்து இறங்கும்போது வருகிற உப்பு வாடை எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். "தோல அடுக்கறாப்புல மனுசங்கள அடுக்கிக்கினு வந்திருக்காங்களே" என்றாள்.

கடைசிச் சுவரில் ஒரு பட்டியல். வழியில் அம்மை கண்டு செத்துக் கடலில் போடப்பட்டவர்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். சிலருக்குப் பேர்கூட இல்லை, வயது மட்டும். நான் என்னைவிடச் சின்னவர்களாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

"இதுல இன்னா கொடுமை தெரியுமா அக்கா?" என்றாள் சித்தி. "ஊர்ல இருக்கறவங்களுக்கு விஷயம் போய்ச் சேரவே ஒரு வருஷம் ஆயிடுமாம். செத்துப்போனவங்களுக்கு லெட்டர் போட்டுக்கினே இருந்திருப்பாங்க. பாவம் இல்ல?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காற்று போதவில்லை என்று வெளியே போய்விட்டாள்.

வாசலருகே மேஜையில் வருகைப் பதிவேடு இருந்தது. பார்க்க வருகிறவர்கள் பேரும் ஊரும் எழுத வேண்டும். சித்தி பேனாவை என்னிடம் கொடுத்தாள். "தமிழ்ல எழுதுடி. இதுல இதுவரைக்கும் ஒருத்தரும் தமிழ்ல எழுதினதில்ல." என் பேர், அம்மா பேர், ஆம்பூர். சித்தப்பா எட்டிப் பார்த்து, எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக எவ்வளவு அழகு என்றார். "தாத்தா பேரையும் போடு" என்றாள் சித்தி. "அவரு டிக்கெட்டுலதானே நீ வந்திருக்கே. அவரும் வந்தாப்புல இருக்கட்டும்."

நான் யோசிக்கவில்லை. யோசித்து எழுதுகிற பேர் இல்லை அது. மாதாமாதம் உறையில் எழுதிப் பழகிய கை அது பாட்டுக்கு ஓடியது. 'காலஞ்சென்ற' என்று முடித்து, தாத்தாவின் பேரில் பாதியும் எழுதிய பிறகுதான் பேனாவின் மேல் சித்தியின் நிழல் அசையாமல் நிற்பதைக் கவனித்தேன்.

சித்தப்பா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

அம்மா உள்ளே வந்தாள். சித்தி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள். "எப்போ?" என்றாள்.

"பாப்பா பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி" என்றாள் அம்மா. "உன் லெட்டர் வந்தப்போ அடக்கம் முடிஞ்சி ஒம்பது நாள் ஆயிருந்துச்சு. உன் ஒடம்பு இருந்த நிலைமையில சொல்ல எங்களுக்குத் தைரியம் வரலடி."

சித்தி தலையை ஆட்டினாள். நர்ஸ் இல்லையா, அதுவரை அவளுக்குப் புரிந்தது. பிறகு விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். "அப்போ சொவத்துல மாட்டியிருக்கேனே, அது?"

அம்மா மாட்டிக்கொண்டு முழிப்பதாகவும், நான்தான் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைத்தேன். போகட்டும், கொஞ்சம் பாராட்டும் எதிர்பார்த்தேன். "அம்மா ரெண்டு வரிதான் சித்தி சொன்னாங்க. ஆசீர்வாதம் மொத்தமும் நானே எழுதினேன்."

சித்தி கீழே விழவில்லை, கத்தவில்லை. சித்தப்பாவிடமிருந்து குழந்தையை வாங்கி, முகத்தைக் குழந்தையின் கழுத்துக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தை கூச்சத்தில் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பைபிளைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள். சித்தி துண்டைப் பிரிக்கவில்லை. "கடைசியில என்னைப் பத்தி எதுனா சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டாருடி. போறதுக்கு மொத நா. 'சின்னது வந்துடுச்சா, கதவத் தொறந்து வையி'ன்னாரு. ரெண்டு வாட்டி கேட்டாரு."

சித்தி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இதையும் நீதான் எழுதிக் குடுத்தியா?" என்றாள்.

தாத்தா கேட்டது நிஜம். அந்தக் கட்டில் பக்கத்தில் நானும் இருந்தேன். இரண்டாம் முறை அவர் கேட்டபோது ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தவளே நான்தான். அதைச் சொல்ல அம்மாவையும் என்னையும் தவிர உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லு சொல்லு என்று. ஆனால் வாயைத் திறந்தால் கேடு என்று நான் அன்று காலையில்தான் கற்றுக்கொண்டிருந்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலை குனிந்து நின்றேன். ஒருவழியாகச் சொன்னபடி கேட்கிற பிள்ளையாகிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.